டையோடில் 0.7 வோல்ட் வராமலே கரண்ட் ஓடுகிறதே, எப்படி?

(பெங்களூரின் பல பகுதிகளில் இருப்பவர்களின் கேள்வி-பதில். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் பகுதி.)

விவேக்நகர் | 3 ஆகஸ்ட், இரவு 8.15

சிலிக்கான் டையோடு 0.7 வோல்ட்டுக்குக் கீழே கடத்தாது என்றுதான் பாடம். 9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், 1என்4148 (சின்ன சிலிக்கான் டையோடு) மூன்றையும் வரிசையாகப் போட்டு டையோடின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் 0.37 வோல்ட்தான் காட்டுகிறது. கடத்தவில்லை என்றால் பேட்டரியின் 9 வோல்ட்டும் டையோடு மேலேயே நிற்க வேண்டும். கடத்துகிறது என்றால் 0.7 எங்கே?

அடுத்து டையோடைத் திருப்பிப் போட்டு, ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, மீட்டரையே வோல்ட் ரேஞ்சில் வரிசையில் சேர்த்தேன். ரிவர்ஸ் பயாஸில் (கடத்தாத திசையில்) பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 42 மில்லி வோல்ட். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கியவை எல்லாமே இப்படித்தான் காட்டுகின்றன. டூப்ளிகேட் சரக்கா?

ஜாலஹள்ளி | 3 ஆகஸ்ட், இரவு 9.02

டூப்ளிகேட் இல்லை தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 9-இல் 0.37 போக மீதி 8.63 வோல்ட் ரெசிஸ்டர் மேல் விழுகிறது. 1 மெகா ஓம் என்றால் 8.6 மைக்ரோ ஆம்பியர். அவ்வளவு கரண்ட் அந்த டையோடு வழியாக ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அந்தக் கரண்டுக்கு அந்த டையோடு கேட்கும் வோல்டேஜ் 0.37.

ரெசிஸ்டரை மட்டும் மாற்றி நாலு அளவு எடுங்கள்: 1 மெகா, 100 கிலோ, 10 கிலோ, 1 கிலோ ஓம். கால் வாட் ரெசிஸ்டர் போதும், 1 கிலோ ஓமில் கூட 70 மில்லி வாட்தான் வரும். பேட்டரியில் 9 என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் ரெசிஸ்டர் மேல் வரும் வோல்டேஜை அளந்து ஓம் மதிப்பால் வகுத்தால்தான் சரியான கரண்ட் கிடைக்கும். 1 கிலோ ஓம் அளவை மட்டும் சட்டென்று எடுத்துவிடுங்கள். நேரம் ஆக ஆக டையோடு லேசாகச் சூடேறி எண் இறங்கும்.

விவேக்நகர் | 4 ஆகஸ்ட், காலை 7.30

1என்4148-க்கு வந்தவை: 1 மெகா ஓமில் 0.37, 100 கிலோவில் 0.47, 10 கிலோவில் 0.58, 1 கிலோவில் 0.68 வோல்ட்.

காக்ஸ் டவுன் | 4 ஆகஸ்ட், காலை 10.10

இந்த நாலு எண்ணிலேயே பாடம் முழுக்க இருக்கிறது. கரண்ட் 10 மடங்கு ஏறும்போதெல்லாம் வோல்டேஜ் ஏறத்தாழ 0.1 ஏறுகிறது. அதாவது கரண்ட் 1000 மடங்கு ஏறியும் வோல்டேஜ் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. "திறக்கும் வோல்டேஜ்" என்று ஒரு புள்ளி எங்கேயும் இல்லை. மில்லி ஆம்பியரில் வேலை செய்கிற சர்க்யூட்களில் 0.6-க்கும் 0.7-க்கும் நடுவில் எதாவது ஒன்று வரும், அதனால் கணக்கு போட 0.7 என்று வைத்துக்கொள்கிறோம். மைக்ரோ ஆம்பியரில் வேலை செய்தால் 0.4 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 1 ஆம்பியர் ஓடும் 1என்4007 என்ற பவர் டையோடில் 0.9-க்கு மேல் போகும். டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத் தாள்) அதிகபட்சம் 1.1 வரை அனுமதிக்கிறது.

கிராஃப் தாளில் 0.7-இல் முழங்கால் மடங்கின மாதிரி தெரிவது அச்சின் அளவுகோலால். கரண்ட் அச்சை மில்லி ஆம்பியரில் வரைந்தால் வளைவு 0.6-இல் எழும்புகிற மாதிரி தெரியும். அதே டையோடை மைக்ரோ ஆம்பியர் அச்சில் வரைந்தால் 0.4-இலேயே எழும்பிவிடும். லாக் தாளில் (கரண்ட் அச்சில் ஒவ்வொரு கட்டமும் 10 மடங்கு) வரைந்தால் முழங்காலே இருக்காது, நேர்கோடுதான். இந்த நாலு புள்ளியையும் லாக் தாளில் வைத்துப் பாருங்கள்.

சிவாஜிநகர் | 4 ஆகஸ்ட், பகல் 1.25

ஷாக்லியின் 1949 சமன்பாட்டுப்படி அறை வெப்பத்தில் 10 மடங்குக்கு 60 மில்லி வோல்ட் தானே ஏற வேண்டும்? இங்கே 100 வருகிறதே.

காக்ஸ் டவுன் | 4 ஆகஸ்ட், பகல் 2.40

60 என்பது சிறந்த சந்திக்கு (பி (p) வகை, என் (n) வகைச் சிலிக்கான் சேரும் இடம்). அதில் ஐடியாலிட்டி எண் (60-ஐ எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது) 1. 1என்4148-க்கு அது 1.7, 1.8 பக்கம் வரும், அதனால்தான் 100-ஐ ஒட்டி நிற்கிறது. காரணம் இதுதான்: குறைந்த கரண்டில், எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) சந்தியைத் தாண்டிப் போவதற்கு முன்பே நடுவிலிருக்கும் இயக்கமில்லாப் பகுதிக்குள்ளேயே சந்தித்து இணைந்துவிடுகின்றன. அந்த வழியில் ஓடும் கரண்டுக்கு எண் 2. இரண்டு வழியும் கலந்து ஓடுவதால் 1-க்கும் 2-க்கும் நடுவில் நிற்கிறது. வேகமாக ஆஃப் ஆக வேண்டும் என்பதற்காக இந்த மாதிரி ஸ்விட்ச்சிங் டையோடுகளில் தங்கம் கலப்பது வழக்கம். அந்தத் தங்க அணுக்கள்தான் இணைப்புக்கு இடம் கொடுக்கின்றன.

60-ஐக் கண்ணால் பார்க்க ஆசையா? பிசி547 டிரான்சிஸ்டரில் கலெக்டரையும் பேஸையும் ஒன்றாக முறுக்கி அதை ஆனோடாகவும் (கரண்ட் நுழையும் முனை), எமிட்டரைக் கேத்தோடாகவும் (வெளியேறும் முனை) வைத்து அதே நாலு ரெசிஸ்டரையும் போடுங்கள். 0.51, 0.57, 0.63, 0.69 என்ற மாதிரி வரும். முதல் எண் ஒவ்வொரு டிரான்சிஸ்டருக்கும் கொஞ்சம் மாறும், இடைவெளி மாறாது.

அல்சூர் | 4 ஆகஸ்ட், மாலை 6.50

எண்கள் சரி, உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்னோக்குச் சார்பில் (ஃபார்வர்டில், அதாவது கடத்தும் திசையில்) "அரண் உடைகிறது" என்று எழுதுகிறார்கள். உடைவதில்லை. தாழ்கிறது, அவ்வளவுதான்.

வெளியே எதுவும் இணைக்காத டையோடில் கரண்ட் இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் இரண்டு கரண்ட் ஓடுகின்றன. என் (n) பக்கத்தில் எலக்ட்ரான் நிறைய, பி (p) பக்கத்தில் குறைவு. அடர்த்தி வித்தியாசத்தால் எலக்ட்ரான் பி பக்கம் பரவுகிறது, துளை என் பக்கம் பரவுகிறது. இது விரவல் கரண்ட். அப்படிப் பரவியதால் சந்தியின் என் ஓரத்தில் நேர் அயனியும் பி ஓரத்தில் எதிர் அயனியும் மிஞ்சி நிற்கின்றன. அந்த அயனிகள் உண்டாக்கும் மின்புலம்தான் அரண்; அது பி பக்கத்தில் தற்செயலாகப் பிறக்கும் சிறுபான்மை எலக்ட்ரான்களை என் பக்கம் இழுத்துப்போடுகிறது. இது இழுப்புக் கரண்ட். இரண்டும் சமம், எதிரெதிர்த் திசை. மீட்டரில் பூஜ்யம்.

ஃபார்வர்டில் அரண் தாழ்கிறது. அரணைத் தாண்டப் போதுமான ஆற்றல் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அடுக்கேற்றமாகக் கூடுகிறது, அதனால் விரவல் கரண்ட் எகிறுகிறது. இழுப்புக் கரண்ட் அப்படியே இருக்கிறது. ரிவர்ஸில் அரண் உயர்கிறது, விரவல் செத்துப்போகிறது, இழுப்பு மட்டும் மிச்சம். அந்த இழுப்பு அரணின் உயரத்தை நம்பியில்லை. சிறுபான்மை ஊர்திகள் (பி பக்க எலக்ட்ரான், என் பக்கத் துளை) எத்தனை பிறக்கின்றன என்பதை நம்பியிருக்கிறது. அதனால்தான் ரிவர்ஸ் வோல்டேஜை ஏற்றினாலும் கசிவு பெரிதாக ஏறுவதில்லை, ஆனால் சூடு ஏற்றினால் ஏறிவிடும்.

டையோடை ஒருவழிக் கதவு என்று சொல்லிக்கொடுப்பதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் போய்விடும். கதவு திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். இங்கே அப்படி இரண்டு நிலை இல்லை.

சிவாஜிநகர் | 4 ஆகஸ்ட், இரவு 9.15

அரண் 0.7 வோல்ட் என்கிறோம். அப்படியானால் கையில் சும்மா வைத்திருக்கும் டையோடின் இரு முனையிலும் மீட்டர் வைத்தால் 0.7 காட்ட வேண்டாமா? பூஜ்யம்தான் காட்டுகிறது.

அல்சூர் | 4 ஆகஸ்ட், இரவு 10.05

காட்டாது. சிலிக்கானும் கம்பியும் சேரும் இரண்டு இடத்திலும் தொடு மின்னழுத்தம் இருக்கிறது. மீட்டர் புரோப் வரைக்கும் ஒரு சுற்று போய் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். எல்லா இடமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்வரை அப்படித்தான். இல்லையென்றால் ஒரு டப்பா டையோடை வரிசையாகக் கட்டி பேட்டரி இல்லாமலே ரேடியோ பாட வைத்துவிடலாம்.

வெளிச்சம் பட்டால் கதை வேறு. ஒளி சந்திக்குள் எலக்ட்ரான்–துளை ஜோடிகளைப் பிறப்பிக்கிறது, சமநிலை கலைகிறது, மீட்டரில் வோல்டேஜ் வருகிறது. சிவப்பு எல்.இ.டி.யை வெயிலில் காட்டி மீட்டர் வையுங்கள், 1 வோல்ட்டுக்கு மேலேயே வரும். 1940-இல் பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் பி-என் சந்தியைக் கண்டுபிடித்ததே இப்படித்தான். விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டின் மேல் வெளிச்சம் பட்டபோது எதிர்பாராத அளவுக்கு வோல்டேஜ் வந்தது. விரிசலின் ஒரு பக்கம் ஒரு வகை மாசு, மறுபக்கம் இன்னொரு வகை.

ஜாலஹள்ளி | 5 ஆகஸ்ட், காலை 8.20

வெளிச்சம் என்று சொன்னதும் முதல் கேள்வியில் இருந்த 42 மில்லி வோல்ட்டுக்கு வருகிறேன். 1என்4148-இன் உடல் கண்ணாடி. டேபிள் லேம்ப் வெளிச்சம் உள்ளே போகும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

மீட்டரை வோல்ட் ரேஞ்சில் வரிசையில் வைத்தது நல்ல யோசனை. மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் என்றால் 1 மில்லி வோல்ட்டுக்கு 0.1 நானோ ஆம்பியர். உங்கள் 42 மில்லி வோல்ட் 4.2 நானோ ஆம்பியர் ஆகிறது. டேட்டாஷீட்டில் 20 வோல்ட் ரிவர்ஸில் 25 நானோ ஆம்பியர் வரை விட்டிருக்கிறார்கள். பயமில்லை.

காக்ஸ் டவுன் | 5 ஆகஸ்ட், காலை 9.45

10 மெகா ஓம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் அண்ணா. மலிவான மஞ்சள் 830 வகை மீட்டர்களில் உள் ரெசிஸ்டன்ஸ் 1 மெகா ஓம்தான். அப்படியானால் கணக்கு 10 மடங்கு மாறிவிடும்.

தம்பி, முதலில் மீட்டரையே சோதியுங்கள். 9 வோல்ட் பேட்டரி, 1 மெகா ஓம் ரெசிஸ்டர், மீட்டர் மூன்றையும் வரிசையில் வைத்து 20 வோல்ட் ரேஞ்சில் பாருங்கள். 8.2 பக்கம் வந்தால் மீட்டர் 10 மெகா ஓம். பாதியாகி 4.5 வந்தால் 1 மெகா ஓம்.

விவேக்நகர் | 5 ஆகஸ்ட், இரவு 7.55

4.5 தான் வருகிறது. ஆக 42 மில்லி வோல்ட் என்றால் 42 நானோ ஆம்பியர், டேட்டாஷீட் எல்லைக்கு மேலே. ஆனால் டேப் சுற்றி, லேம்பை அணைத்துவிட்டு 200 மில்லி வோல்ட் ரேஞ்சில் பார்த்தால் 5.8 மில்லி வோல்ட். கிட்டத்தட்ட 6 நானோ ஆம்பியர். மீதி எல்லாம் வெளிச்சத்தால் வந்ததா?

ஜாலஹள்ளி | 5 ஆகஸ்ட், இரவு 8.40

ஆமாம், பெரும்பங்கு வெளிச்சம். காக்ஸ் டவுன் சொன்ன மீட்டர் சோதனைதான் சரி, அதைச் செய்யாமல் நானோ ஆம்பியர் பேசக்கூடாது.

நானோ ஆம்பியரில் வேறு இரண்டு வழியாகவும் கசிவு வரும். ஒன்று, விரல் பட்ட டையோடு உடல், வியர்வை உப்பு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். இரண்டு, பழைய ப்ரெட்போர்டு. பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவிலேயே கசியும், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. டையோடை எடுத்துவிட்டு அதே இணைப்பை அப்படியே வைத்து அளந்து பாருங்கள். அப்போதும் எதாவது காட்டினால் அது போர்டின் கசிவு, அதைக் கழித்துவிடுங்கள். இன்னும் நல்லது, டையோடின் காலை நேராக மீட்டர் புரோப்பில் கிளிப் போட்டு அந்தரத்தில் தொங்கவிடுவது.

இப்போது ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்து மெதுவாகச் சூடாக்குங்கள். ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் கசிவு இரட்டிக்கும். 25-இல் 6 நானோ ஆம்பியர் இருந்தால் 55-இல் 48-ஐ ஒட்டி வரும்.

அல்சூர் | 6 ஆகஸ்ட், காலை 7.10

ஃபார்வர்டிலும் சூடு பேசும். கரண்டை 1 மில்லி ஆம்பியரில் நிறுத்தி வைத்துவிட்டால் டிகிரிக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். பெங்களூரில் விடிகாலை 20 டிகிரிக்கும் ஏப்ரல் பகல் 34 டிகிரிக்கும் நடுவில் அதே டையோடு 28 மில்லி வோல்ட் வித்தியாசம் காட்டும். அதனால் இரண்டாம் தசம இடத்தைப் பற்றி இரண்டு பேர் சண்டை போடுமுன் அறை வெப்பநிலையைச் சொல்லிக்கொள்வது நல்லது. இந்தக் குணத்தை வைத்தே டையோடைத் தெர்மாமீட்டராகப் பயன்படுத்துகிறோம்.

ஹலசூரு ரோடு | 6 ஆகஸ்ட், பகல் 12.30

மாடியில் 12 வோல்ட் சோலார் பேனல். ராத்திரி பேட்டரியிலிருந்து பேனலுக்குக் கரண்ட் திரும்பாமல் இருக்க ஒரு டையோடு வேண்டும். 1என்4007 போட்டால் 0.9 வோல்ட் போகிறது. ஷாட்கி வகை டையோடு போட்டால் 0.4-தான் போகும் என்கிறார்கள். அப்படியானால் எல்லா இடத்திலும் ஷாட்கியே போட்டுவிடலாமே?

காக்ஸ் டவுன் | 6 ஆகஸ்ட், பகல் 3.15

போடக்கூடாது. ஃபார்வர்டில் மிச்சப்படுத்தியதை ரிவர்ஸில் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஷாட்கியில் பி பக்கம் கிடையாது, உலோகமும் என் வகைச் சிலிக்கானும் சேரும் இடம்தான் சந்தி. அரண் தாழ்வு. அதனால் ஃபார்வர்டில் குறைந்த வோல்டேஜ், அதே காரணத்தால் ரிவர்ஸில் கூடுதல் கசிவு. 1என்5819 என்ற ஷாட்கிக்கு 40 வோல்ட் ரிவர்ஸில் 25 டிகிரியில் 1 மில்லி ஆம்பியர் வரை, 100 டிகிரியில் 10 மில்லி ஆம்பியர் வரை டேட்டாஷீட் அனுமதிக்கிறது. 1என்4007-க்கு 1000 வோல்ட்டிலும் 5 மைக்ரோ ஆம்பியர்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்.

உங்கள் பேனலுக்கு ஷாட்கி சரி. ராத்திரியில் ரிவர்ஸ் வோல்டேஜ் 13-க்குள், மாடியும் குளிர்ந்திருக்கும், கசிவு அதிகபட்சத்தை நெருங்கவே நெருங்காது. பேனல் 3 ஆம்பியருக்குள் என்றால் 1என்5822. ஆனால் டையோடின் கால்களை நீளமாக விடாமல் குட்டையாக வையுங்கள், சூடு அந்தக் கம்பி வழியாகத்தான் இறங்குகிறது. 2 ஆம்பியரில் 0.45 வோல்ட் என்றால் 0.9 வாட். டில்லி மே மாத வெயிலில் மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் அதே டையோடை வைத்து, கூடவே 40-ஐ ஒட்டிய ரிவர்ஸ் வோல்டேஜும் கொடுத்தால் நிலைமை வேறு: சூடு கசிவை ஏற்றும், கசிவு சூட்டை ஏற்றும், கடைசியில் டையோடு ஷார்ட் ஆகும்.

சார்ஜ் கன்ட்ரோலர் வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலானவற்றுக்குள் இந்தத் தடுப்பு ஏற்கெனவே இருக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு டையோடு வாங்குங்கள்.

சிவாஜிநகர் | 6 ஆகஸ்ட், இரவு 8.00

ரிவர்ஸ் வோல்டேஜ் ரேட்டிங் பற்றி ஒரு சந்தேகம். 230 வோல்ட் மெயின்ஸில் அரை அலை ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் ஒற்றை டையோடு), பின்னால் கெப்பாசிட்டர். 230-தானே, 400 வோல்ட் தாங்கும் 1என்4004 போதாதா?

ஜாலஹள்ளி | 6 ஆகஸ்ட், இரவு 8.35

போதவே போதாது. 230 என்பது ஆர்.எம்.எஸ். (பயனுறு மதிப்பு); உச்சம் 325. கெப்பாசிட்டர் 325-க்கு சார்ஜ் ஆகி அப்படியே நிற்கிறது. அடுத்த அரைச் சுற்றில் மெயின்ஸ் எதிர்த் திசையில் 325-க்குப் போகும்போது டையோடின் ஒரு முனை +325, இன்னொரு முனை −325. ரிவர்ஸில் 650 வோல்ட். மெயின்ஸ் 250-ஐத் தொடும் தெருக்களில் 700-ஐத் தாண்டும். 1என்4007-ஐத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். 4001-இலிருந்து 4007 வரை கடையில் விலை வித்தியாசம் பார்க்கிற மாதிரி இருக்காது, ஒன்றையே வாங்கி வையுங்கள். எஸ்.எம்.டி.யில் (போர்டு மேலேயே ஒட்டும் சின்ன வகையில்) எம்7 என்று அச்சிட்டிருப்பதும் அதேதான்.

பிரிட்ஜ் (நாலு டையோடு இணைப்பு) என்றால் ஒவ்வொரு டையோடுக்கும் ஒரு உச்சம் மட்டும்தான், 325. சென்டர் டேப்பில் (நடுவில் முனை எடுத்த டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு டையோடு) மறுபடியும் இரட்டிப்பு: 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பாதியின் உச்சம் 17, டையோடு தாங்க வேண்டியது 34.

மெயின்ஸை நேரடியாக இணைத்து இதை அளக்க முயல வேண்டாம். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

அல்சூர் | 7 ஆகஸ்ட், காலை 6.45

ரேட்டிங்கைத் தாண்டினால் டையோடு உடனே செத்துவிடும் என்ற எண்ணமும் சரியில்லை. முறிவு வோல்டேஜில் கரண்ட் எகிறும். அந்தக் கரண்டை ரெசிஸ்டர் பிடித்து நிறுத்தினால் டையோடு மறுபடி பழையபடி ஆகிவிடும். கொல்வது சூடு. ஜீனர் வகை டையோடு காலமெல்லாம் முறிவிலேயேதான் வேலை செய்கிறது.

5 வோல்ட்டுக்குக் கீழே உள்ள ஜீனரில் நடப்பதுதான் கிளாரன்ஸ் ஜீனர் 1934-இல் விளக்கிய விளைவு: மெல்லிய இயக்கமில்லாப் பகுதியில் மின்புலம் எலக்ட்ரானைப் பிணைப்பிலிருந்து பிய்த்துவிடுகிறது. 6 வோல்ட்டுக்கு மேலே நடப்பது சரிவு முறிவு: ஓடும் எலக்ட்ரான் மோதி இன்னும் எலக்ட்ரானை உதிர்க்கிறது. முன்னதில் சூடேறினால் வோல்டேஜ் குறையும், பின்னதில் கூடும். 5.1, 5.6 வோல்ட்டில் இரண்டும் கலந்து ஒன்றையொன்று சரிக்கட்டும், அதனால்தான் வெப்பத்தால் அசையாத ரெஃபரன்ஸுக்கு 5.6-ஐத் தேடிப் போகிறார்கள்.

விவேக்நகர் | 7 ஆகஸ்ட், பகல் 1.50

12 வோல்ட் ஜீனரை மீட்டரின் டையோடு மோடில் வைத்தால் ஃபார்வர்டில் 0.7 சொச்சம் காட்டுகிறது, ரிவர்ஸில் ஒன்றுமில்லை. ஜீனர் நல்லதா கெட்டதா எப்படித் தெரியும்?

காக்ஸ் டவுன் | 7 ஆகஸ்ட், பகல் 2.20

டையோடு மோடில் மீட்டர் தருவது சுமார் 1 மில்லி ஆம்பியர், புரோப்பில் 3 வோல்ட்டுக்குள். அதை வைத்து 12-ஐ எப்படி முறிப்பது? இரண்டு 9 வோல்ட் பேட்டரியை வரிசையில் கட்டுங்கள், 18. 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஜீனரின் பட்டை உள்ள முனைக்கு (கேத்தோடுக்கு) நேர் முனை. மீதி 6 வோல்ட் ரெசிஸ்டரில் விழும், 6 மில்லி ஆம்பியர் ஓடும். ஜீனர் மேல் 11.4-க்கும் 12.7-க்கும் நடுவில் வந்தால் 5 சதவீத வகைக்குச் சரி. 0.7 காட்டினால் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். 0 காட்டினால் ஷார்ட்.

பழைய முள் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஓம் ரேஞ்சில் பெரும்பாலானவற்றில் கறுப்பு புரோப்தான் பேட்டரியின் நேர் முனை. டிஜிட்டல் மீட்டருக்கு நேர் எதிர். பட்டை அழிந்த டையோடின் முனையை முள் மீட்டரால் கண்டுபிடித்துவிட்டு, பவர் கொடுத்ததும் புகை வருவதற்கு இதுதான் காரணம். நல்ல டையோடு ஒன்றை முதலில் வைத்து மீட்டரின் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஹலசூரு ரோடு | 8 ஆகஸ்ட், காலை 9.30

அதே 1என்4007-ஐ பழைய எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை) போர்டின் செகண்டரியில் (வெளியீட்டுப் பக்கத்தில்) போட்டேன். லோடு குறைவுதான், கரண்ட் அரை ஆம்பியர்கூட இல்லை. தொட முடியாத சூடு.

ஜாலஹள்ளி | 8 ஆகஸ்ட், காலை 10.05

ஃபார்வர்டிலிருந்து ரிவர்ஸுக்கு டையோடு அந்தக் கணமே மாறிவிடாது. ஃபார்வர்டில் ஓடும்போது சந்தியின் இரு பக்கமும் சிறுபான்மை ஊர்திகள் குவிந்து நிற்கும். திசை மாறியதும் அவை வெளியேறும்வரை ரிவர்ஸிலும் டையோடு நன்றாகக் கடத்தும். 1என்4007-க்கு இது மைக்ரோ செகண்ட் கணக்கு. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20,000 மைக்ரோ செகண்ட், அதனால் தெரியாது. 50 கிலோ ஹெர்ட்ஸில் சுற்றே 20 மைக்ரோ செகண்ட். அதில் 2 போனால்கூடப் பத்தில் ஒரு பங்கு நேரம் தப்பான திசையில் கடத்துகிறது என்று அர்த்தம். சூடு அங்கிருந்துதான்.

எஃப்ஆர்107 500 நானோ செகண்ட், யுஎஃப்4007 75 நானோ செகண்ட், 1என்4148 4 நானோ செகண்ட். வோல்டேஜ் குறைவான செகண்டரி என்றால் ஷாட்கி; அதில் சிறுபான்மை ஊர்திகள் குவிவதே இல்லை. கழற்றிய பழைய டையோடின் எண்ணைப் பார்த்து அதே வகையைப் போடுங்கள். ஆம்பியரும் வோல்ட்டும் மட்டும் பொருந்தினால் போதாது.

சிவாஜிநகர் | 8 ஆகஸ்ட், மாலை 5.40

ரிலே காயிலுக்குக் குறுக்கே போடும் டையோடு ஃபார்வர்டா ரிவர்ஸா? மாணவர்கள் பாதிப் பேர் தப்பாகப் போடுகிறார்கள்.

காக்ஸ் டவுன் | 8 ஆகஸ்ட், மாலை 6.30

ரிலே ஆனில் இருக்கும்போது ரிவர்ஸ், அணைக்கும் நொடியில் ஃபார்வர்ட். பட்டை முனை +12 பக்கம். திருப்பிப் போட்டால் டிரான்சிஸ்டர் ஆன் ஆனதும் 12 வோல்ட் நேராக டையோடு வழியாகப் பாயும்; டையோடோ டிரான்சிஸ்டரோ போகும்.

400 ஓம் காயில், 12 வோல்ட் என்றால் 30 மில்லி ஆம்பியர். டிரான்சிஸ்டர் அணைந்ததும் காயில் அந்த 30-ஐ விடாமல் ஓட்டப் பார்க்கும், கலெக்டர் பக்க வோல்டேஜ் 12-க்கு மேலே ஏறும், 12.7 ஆனதும் டையோடு ஃபார்வர்டுக்கு வந்து அதை ஏற்றுக்கொள்ளும். டையோடு தாங்க வேண்டிய கரண்ட் காயில் கரண்ட்தான், அதற்கு மேல் இல்லை. ரிலே விடுவது மெதுவாக இருக்கிறது என்று பட்டால் டையோடோடு வரிசையில் 24 வோல்ட் ஜீனரை எதிர்முகமாகப் போடலாம். அப்போது கலெக்டர் 36.7 வரை போகும். பிசி547-க்கு எல்லை 45, தாங்கும்.

அல்சூர் | 9 ஆகஸ்ட், காலை 7.25

இந்த ரிலே கேள்விக்குப் பின்னால் ஒரு தப்பான பழக்கம் இருக்கிறது. ஆனோடு நேர் முனையில் இருந்தால் ஃபார்வர்ட் என்று பேட்டரிக் குறியைப் பார்த்து முடிவெடுக்கிறோம். பார்க்க வேண்டியது டையோடின் இரண்டு முனைக்கு நடுவிலான வித்தியாசத்தை மட்டும். ஆனோடில் +5, கேத்தோடில் +9 இருந்தால் இரண்டும் நேர்தான், ஆனாலும் 4 வோல்ட் ரிவர்ஸ். ஆனோடில் −3, கேத்தோடில் −8 என்று ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் ஃபார்வர்ட்.

பவர் கட்டுக்காக வைஃபை ரவுட்டருக்கு 12 வோல்ட் அடாப்டரையும் பேட்டரியையும் ஆளுக்கொரு டையோடு வழியாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள் இல்லையா, அங்கே இது கண்ணுக்குத் தெரியும். அடாப்டர் 12.0, முழுசாக சார்ஜ் ஆன பேட்டரி 12.7. ஷாட்கி 0.3 எடுத்தால் சேரும் இடத்தில் 12.4. அடாப்டர் டையோடின் ஆனோடில் 12.0, கேத்தோடில் 12.4, அது ரிவர்ஸ். மெயின்ஸ் இருக்கும்போதே ரவுட்டர் பேட்டரியைத்தான் குடிக்கும். பேட்டரி 12-க்கு இறங்கிய பிறகுதான் அடாப்டர் பங்கெடுக்கும், அப்போது கரண்ட் போனால் பேட்டரியில் மிச்சம் கொஞ்சம்தான்.

ஹலசூரு ரோடு | 9 ஆகஸ்ட், காலை 8.50

அப்படியே கட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்வது?

அல்சூர் | 9 ஆகஸ்ட், காலை 9.20

அடாப்டரை 15 வோல்ட்டாக மாற்றுங்கள். பேட்டரி சார்ஜில் 13.8 வரை போனாலும் 15 மேலே நிற்கும், பேட்டரி டையோடு எப்போதும் ரிவர்ஸில் இருக்கும். சேரும் இடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு பக்-பூஸ்ட் மாட்யூலை (வோல்டேஜை இறக்கவும் ஏற்றவும் செய்வது) வைத்து 12-க்கு அமைத்துக்கொள்ளுங்கள். இறக்க மட்டும் செய்யும் வெறும் பக் போட்டால் பேட்டரி இறங்கும்போது 12 கிடைக்காது. ரவுட்டரை இணைக்கும் முன் மாட்யூல் வெளியீட்டை மீட்டரில் பார்த்துவிடுங்கள். பேட்டரி நேர் முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ்.

விவேக்நகர் | 9 ஆகஸ்ட், இரவு 8.30

பிசி547-ஐ காக்ஸ் டவுன் அண்ணா சொன்ன மாதிரி முறுக்கிப் பார்த்தேன். 0.52, 0.58, 0.64, 0.70. இடைவெளி 60. கூடவே ஷாட்கி 1என்5819-ஐயும் போட்டேன், 1 மெகா ஓமில் வெறும் சில மில்லி வோல்ட்தான் வருகிறது.

காக்ஸ் டவுன் | 9 ஆகஸ்ட், இரவு 9.10

சரியாக வந்திருக்கிறது. 8.6 மைக்ரோ ஆம்பியர் அந்த ஷாட்கியின் சொந்தக் கசிவோடு ஒப்பிடும்போது பெரிதில்லை, அதனால் லாக் தாளின் நேர்கோட்டுச் சட்டம் அங்கே இன்னும் தொடங்கவில்லை. 1 கிலோ, 100 ஓம் இரண்டில் மட்டும் எடுத்து இடைவெளியைப் பாருங்கள். 100 ஓமுக்கு ஒரு வாட் ரெசிஸ்டர் போடுங்கள். 0.8 வாட் அதில் விழும், சின்ன 9 வோல்ட் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துவிடும், அளவை எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.